அமுக்காத பாட்டும் ஒரு சந்தேகக்காரியும்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற போனைக் கொஞ்சம் குப்புறப் போடுங்கள். அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள். இது நடுவில் எழுந்து போகிற கதை இல்லை. சந்தேகத்தையே விதையாகப் போட்டு, சந்தேகத்தையே தண்ணீராக ஊற்றி வளர்ந்த ஒரு காதலைச் சொல்லப் போகிறேன். அது எப்படிப் பூத்தது என்பதை நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அவள் காது பரிசோதிக்கிறவள். ஒரு சின்ன மருத்துவமனையில், வெளிச்சத்தம் நுழையாத கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்குங்க" என்பாள். கேட்காத சத்தத்துக்கும் பட்டனை அமுக்கி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அதனால் நடுநடுவே சத்தமே அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்போதும் அமுக்கினால் ஆள் மாட்டினார். இப்படிப் பொய்யைப் பிடித்துப் பிடித்தே கண் இரண்டும் லேசாகச் சுருங்கியே நிற்கும். அழகான கண்கள்தான்... ஆனால் யாரைப் பார்த்தாலும் விசாரணைக் கைதியைப் பார்க்கிற பார்வை.

வீட்டில் அண்ணி அவளுக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், "இந்தச் சிரிப்பு எப்பவும் சிரிக்கறதா, இன்னிக்கு மட்டுமா?" என்று கேட்டவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

இவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் கிடந்தவர், ஓய்வு வந்ததும் ஒரே ஒரு ஆசைப்பட்டார். நல்ல ஸ்பீக்கர், நல்ல பாட்டு, சாய்வு நாற்காலி. ஸ்பீக்கர் வந்தது. பாட்டுதான் வம்பில் மாட்டியது. "எல்லாமே அமுக்காத பாட்டு சார்" என்று யாரோ விற்ற ஹார்ட் டிஸ்கை நம்பி வாங்கி வந்தார். அத்தனையும் போலி. அன்றிலிருந்து பாட்டு தேடி எடுக்கிற பொறுப்பு மகளுடையது. அவள் சோதித்து முத்திரை குத்தாமல் அந்த வீட்டில் ஒரு தந்தியும் அதிராது.

ஒரு நாள் மாலை... பஸ்ஸை விட்டு இறங்கினாளோ இல்லையோ, வானம் கொட்டித் தீர்த்தது. ஓடிப் போய், மூடிக் கிடந்த ஒரு சாவிக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றாள். பின்னாலேயே ஒருவன் ஓடி வந்தான். அவனிடம் மழைக்கோட்டு இருந்தது. ஆனால் அது அவன் மேல் இல்லை. கையிலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்த்தியிருந்தது.

ஆள் நனைகிறான், பெட்டி நனையவில்லை. நம் சி.ஐ.டி.க்கு இது போதாதா...

"பெட்டியில என்ன?"

"உங்களுக்கு எதுக்குங்க?"

"கோட்டு பெட்டிக்கு, தண்ணி உங்களுக்கு. அப்படி என்ன பொக்கிஷம்னு கேட்டேன்."

"டேப் மெஷின். பழசு. ரிப்பேருக்குக் குடுத்து வாங்கிட்டு வர்றேன்."

"பில் இருக்கா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். இமையில் தொங்கிய ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த கண்கள் சிரித்தன.

"நீங்க போலீஸா?"

"காது டெஸ்ட் பண்றவ."

"அப்ப பயமில்ல. என் மேல எத்தனை புகார் இருந்தாலும் காது மேல ஒண்ணும் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை உதட்டோடு நிறுத்திக்கொண்டாள். இவன் ஏன் இவ்வளவு நன்றாகப் பேசுகிறான்... நன்றாகப் பேசுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவள் கழுத்தில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பார்த்து அவன் கேட்டான். "பாட்டு பிடிக்குமா?"

"எனக்கில்ல, அப்பாவுக்கு. நான் தேடி எடுத்துக் குடுக்கறதோட சரி. அமுக்காத பாட்டா பார்த்து எடுக்கணும்."

"அமுக்காததுன்னா?"

தெரியாதவன் போலத்தான் கேட்டான், பாவி. அவளும் சொல்லிக் கொடுத்தாள். "பாட்டைக் கோப்பா மாத்தும்போது இடம் மிச்சம் பிடிக்கறதுக்காக அமுக்குவாங்க. அமுக்கறப்ப மெலிசான சத்தமெல்லாம் செத்துப் போயிடும். அப்படி எதையும் எடுக்காம, இருக்கறத இருக்கற மாதிரியே வச்சா அது அமுக்காதது. கோப்பு பெருசா இருக்கும், ஆனா வீட்டுல ஸ்பீக்கர்ல போட்டா நிறைவா இருக்கும். இப்ப சில திருடனுங்க, அமுக்கின பாட்டையே மறுபடி ஊதிப் பெருசாக்கி, அமுக்காததுன்னு விக்கறானுங்க. வாடின பூவுல தண்ணி தெளிச்சு இன்னிக்குப் பறிச்சதுன்னு விக்கற மாதிரி."

"அப்படி யாராவது ஏமாத்திட்டாங்களா உங்கள?"

"ரெண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில ஒருத்தன் தனியா பாட்டுக்கடை நடத்தறான். இணையத்துல விக்கற கடை. அவன்கிட்ட ஒரு புல்லாங்குழல் பதிவு இறக்கினேன். பக்கா போலி."

மழை தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"கேட்டுட்டுச் சொல்றீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? பாட்டைக் கம்ப்யூட்டர்ல படமா விரிச்சுப் பார்க்கலாம். கீழ கனமான சத்தம், மேல போகப் போகக் கீச்சுச் சத்தம். நிஜப் பதிவுன்னா உச்சியில புகை மாதிரி கரையும். அமுக்கினதா இருந்தா கத்தியால வெட்டின மாதிரி ஒரு சுவர் நிக்கும். இதுல சுவர் நிக்குது."

"அந்த ஆளை நேர்ல பார்த்துக் கேளுங்களேன். அவன் பக்கமும் ஏதாவது இருக்கலாமில்ல?"

"திருடன் பக்கம் என்ன இருக்கும், குதிச்சு ஓட ஒரு ஜன்னல் இருக்கும்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்த வேகத்திலேயே அந்தச் சிரிப்பு வடிந்தும் போனது. ஏன் வடிந்தது? அவள் அதையும் கவனித்தாள்...

மழை விட்டுவிட்டது. தெருவில் எல்லோரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் மழை பெய்கிற மாதிரியே நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் சுதாரித்தது அவள்தான். சொல்லாமல் கொள்ளாமல் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைத் தெருமுனை வரைக்கும் ஞாபகம் வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி முகத்தைப் படித்துவிட்டாள்.

"என்ன சி.ஐ.டி., முகம் ஈரமா இருக்கு, கண்ணு மட்டும் காஞ்சு பளபளன்னு இருக்கு?"

"மழைக்கு ஒதுங்கினேன் அண்ணி."

"மழைக்கு மட்டுமா?"

"ஒரு ஆள் நின்னான். பில் இல்லாம ஒரு பெட்டி வச்சிருந்தான்."

"ஐயோ பாவம், அவன்கிட்டயும் விசாரணையா? உனக்குன்னு ஒருத்தன் பொறந்திருந்தா, அவன் இந்நேரம் வக்கீலைத் தேடிக்கிட்டிருப்பான்."

அவன் நினைப்பு வந்ததற்கே அவள் மேல் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த எரிச்சலை எங்கே கொட்டுவது? பாட்டுக்கடையின் பக்கத்தைத் திறந்தாள். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதினாள்: "ஊதிப் பெருக்கிய போலி. யாரும் ஏமாறாதீர்கள்." கூடவே அந்தச் சுவர்ப் படத்தையும் போட்டாள். நேரில் போய்க் கேளுங்கள் என்று அவன் சொன்னது காதில் விழுந்த பிறகும்தான் எழுதினாள், அதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு வாரம் போயிற்று. அவள் எழுதியதற்குக் கீழே ஆளாளுக்கு வந்து கடையைத் திட்டிவிட்டுப் போனார்கள். கடைக்காரனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. குற்றவாளி வாயைத் திறக்காவிட்டால் சி.ஐ.டி.க்குத் தூக்கம் வருமா? வேலை முடிந்து நேரே அந்த மாடிக்குப் போனாள்.

சின்ன அறை. எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. மேசையில் ஒரு டேப் மெஷின். வாசலுக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒருவன் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"போலி இல்லக்கா... அவங்க தெரியாம எழுதிட்டாங்க... சரிக்கா. அழாதீங்க. ஞாயித்துக்கிழமை டேப்பைக் கொண்டு வந்து குடுத்துடறேன். கடைப் பக்கத்துல இருந்தும் பாட்டை எடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். அதே கண்கள். மழைத்துளி மட்டும் இல்லை.

"நீங்களா?" என்றாள்.

"நானேதான். ஜன்னல் அதோ இருக்கு, பார்த்துக்குங்க."

அவளுக்குக் காது மடல் சூடேறியது. "அன்னிக்கே ஏன் சொல்லல? தெரியாத மாதிரி அமுக்காததுன்னா என்னன்னு கேட்டீங்க. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு வாயைத் திறக்காம நின்னீங்க. இப்படி மறைக்கற ஆள் பாட்டுல மட்டும் மறைக்க மாட்டீங்களா?"

"நீங்க யாருன்னு முதல்ல சொல்லுங்க. பெரிய தெருக் கடைக்காரங்க அனுப்பின ஆளா? போன மாசமும் ஒருத்தர் இப்படித்தான் வந்தார், வாடிக்கையாளர் மாதிரி. எங்கிட்ட இருக்கற பதிவெல்லாம் அவங்களுக்கு வேணுமாம்."

"உங்க மூணு மெத்தைக்கும் ஒரு மேசைக்கும் உளவாளி வேற வருவாங்களா?"

"அஞ்சு மெத்தை."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வீம்பு என்பது அதுதானே...

"சரி, அந்தச் சுவர் ஏன் இருக்கு? காரணம் சொல்லுங்க, போயிடறேன்."

அவன் வாயைத் திறந்தான். ஏதோ தடுத்தது. மூடிக்கொண்டான். அவன் பார்வை ஒரு நொடி அவளிடமிருந்து விலகியும் போனது. அந்த ஒரு நொடி அவளுக்குப் போதும். ஏதோ ஒளிக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

"அந்தப் புல்லாங்குழல் வாசிச்சவர் இப்ப இல்ல," என்றான் மெதுவாக. "அவர் வாசிச்சதுல மிஞ்சினது இந்த ஒரு டேப்புதான். அவர் மனைவி என்னை நம்பிக் குடுத்தாங்க. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, புருஷன் பேர்ல போலி விக்கறியான்னு நாலு பேர் அவங்களைக் கேட்டுட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை திருப்பிக் குடுக்கறேன். அவங்க பீரோவுக்குள்ள வச்சா பூசணம் பிடிச்சுப் போகும். அதுக்கப்புறம் அந்த மனுஷன் வாசிச்சார்ங்கறதுக்கே அடையாளம் இல்ல. போகட்டும். நீங்க அதை ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"சொன்னேனே, படத்துல..."

"பார்த்தீங்க. நான் கேட்டீங்களான்னு கேட்டேன்."

அவள் படி இறங்கி வந்துவிட்டாள். கோபத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததுகூடத் தெருவில்தான் தெரிந்தது.

வீட்டில் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. அப்பா சாய்வு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா பாட்டு போடல?"

"எதைம்மா போடறது? அந்தக் குழல்தான் பிடிச்சுது. நீ போலின்னுட்ட. அப்புறம் அதை ரசிச்சா நான் இன்னும் ஏமாளியா இருக்கேன்னு ஆயிடும்ல."

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்கு நெஞ்சில் முள் குத்தியது.

"போடுங்கப்பா. நானும் கேக்கறேன்," என்று தரையில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரை மூடினாள். கண்ணையும் மூடினாள். எத்தனையோ பாட்டு சோதித்தவள், சோதனைக்கு இல்லாமல் ஒரு பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதலில் ஒரு மூச்சு வந்தது. பிறகு குழல். அறைக்கு நடுவில் யாரோ வந்து உட்கார்ந்து வாசிப்பது போல... அமுக்கின பாட்டில் மூச்சு இப்படி ஈரமாக இருக்காதே என்று அவள் காது சொன்னது. மூன்றாவது பாட்டு முடிகிற இடத்தில் குழல் சட்டென்று வழுக்கியது. தவறு இல்லை. வாசிக்கிறவர் சிரித்துவிட்டார். உதட்டோரச் சிரிப்பு ஒன்று குழலுக்குள் போய் சுரமாக வெளியே வந்திருந்தது. கடைசி சுரம் அடங்கிய பிறகு, "நீங்கள் இதுவரை கேட்..." என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்து, பாதியில் வெட்டுப்பட்டது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது வானொலி அறிவிப்பாளர் குரல்.

கம்ப்யூட்டரைத் திறந்து படத்தைப் பெரிதாக்கினாள். சுவர் அங்கேயே நின்றது. ஆனால் சுவருக்கு மேலே, வெறும் கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கோடு. மெல்லிய நூல் போல, லேசாக நெளிந்தபடி, ஆரம்பம் முதல் முடிவு வரை. முன்பு பார்த்தபோது திரையில் தூசி என்று விரலால் துடைத்தாளே, அதே கோடு. தேடிப் படித்தாள். பண்பலை வானொலி ஒரு உயரத்துக்கு மேல் சத்தத்தை அனுப்புவதே இல்லை, அதனால்தான் சுவர். அதற்கு மேலே, மனிதர் காதுக்கு எட்டாத மெல்லிய சீழ்க்கை ஒன்றை அடையாளத்துக்காகக் கூடவே அனுப்புகிறது, அதுதான் நூல். பாட்டை அமுக்கியிருந்தால் முதலில் செத்திருப்பது அந்த நூல்தான். டேப்பின் ஓட்டத்தில் நெளிந்துகொண்டு அது உயிரோடு இருந்தது.

போலி இல்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை.

ஆனால் கண்ணுகளா, அவள் அவ்வளவு சுலபத்தில் உருகிவிடுகிறவள் இல்லை. கடையின் பக்கத்தை மறுபடி மேலிருந்து கீழ் வரை படித்தாள். வானொலிப் பதிவு என்று ஒரு இடத்திலும் இல்லை. ஆக அவன் ஒளித்தது நிஜம்தான். தான் நினைத்ததை அவன் ஒளிக்கவில்லை, வேறு எதையோ ஒளித்திருக்கிறான்... ஏன்?

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழல்காரர் மனைவியின் வீட்டு வாசலில் அவன் டேப்போடு நின்றபோது, மாடிப்படியில் இவளும் ஏறி வந்தாள். வீட்டைக் கண்டுபிடிப்பதெல்லாம் சி.ஐ.டி.க்குப் பெரிய காரியமா?

"இங்க எதுக்கு வந்தீங்க?" அவன் குரலில் சந்தேகம் அப்படியே இருந்தது. "இன்னும் ஏதாவது எழுதணுமா?"

அதற்குள் கதவு திறந்தது. நரைத்த முடியைத் தூக்கிக் கட்டிய அம்மாள் ஒருவர், இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு யாரு?"

"எழுதினது நான்தாம்மா."

"உள்ள வா. வாசல்ல வச்சுத் திட்டினா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

உள்ளே போய் உட்காரக்கூட இல்லை. "தப்பு பண்ணிட்டேம்மா," என்றாள். "அது போலி இல்ல. நான் கேக்காமயே எழுதிட்டேன்."

"இப்ப மட்டும் கேட்டியாக்கும். அவன் வந்து அழுதிருப்பான், நீ ஓடி வந்திருப்ப."

"அவர் என்கிட்ட ஒண்ணுமே சொல்லலம்மா. நானாத்தான் கேட்டேன். மூணாவது பாட்டு முடியற இடத்துல அவர் சிரிச்சுட்டார். குழல் வழுக்கிட்டு, மறுபடி நிமிருது."

அம்மாள் கதவைப் பிடித்திருந்த கையை எடுக்கவே இல்லை. 

"அது என்னைத் தவிர யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சேன்," என்றார் பிறகு. "அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. ரேடியோ நிலையத்துக்கு வாசிக்கப் போயிட்டார். கோபமா இருந்தாலும் ரேடியோவைப் போட்டு டேப்புல பிடிச்சேன். கேட்டுட்டுதான் இருப்பேன்னு அவருக்குத் தெரியும். மன்னிப்புக் கேக்கத் தெரியாத மனுஷன்... அதுக்குப் பதிலா சிரிச்சார்."

டேப்பை நீட்டியபடி நின்றவன் கையை மடக்கிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததை இவள் பார்த்தாள். பார்த்தும் விட்டாளா?

"ஒரு விஷயத்துல மட்டும் இவர் மேல தப்பு," என்றாள் அம்மாளிடம். "ரேடியோவுல பிடிச்சதுன்னு இவர் எங்கயுமே போடல. போட்டிருந்தா எனக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது."

அவன் தலையைக் குனிந்தான். "பயந்துட்டேன்க்கா. ரேடியோன்னு போட்டா மட்டம்னு நெனச்சு யாரும் கேக்காமலே போயிடுவாங்கன்னு..."

"என் கையால பிடிச்சதுல உனக்கு என்ன மட்டம்?" அம்மாள் அதட்டினார். "வீட்டுல ரேடியோவுல பிடிச்சதுன்னு கொட்டை எழுத்துல போடு. டேப்பு உங்கிட்டயே இருக்கட்டும். பாட்டும் உன் கடையிலயே இருக்கட்டும். போங்க ரெண்டு பேரும். நான் போன்ல அதைக் கேக்கணும்."

தெருவுக்கு இறங்கினார்கள். நல்ல வெயில். அவள் போனை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். முன்பு எழுதியதை அடித்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக எழுதியிருந்தாள்: "நான் கேட்காமல் எழுதினேன். தவறு என்னுடையது. இது அமுக்கிய பாட்டு இல்லை. வானொலியில் வந்ததைப் பிடித்த பதிவு, எதுவும் எடுக்கப்படவில்லை. அதைக் கடைக்காரர் சொல்லாமல் விட்டது அவர் தவறு."

"கடைசி வரியையும் எழுதணுமா?"

"பின்ன? பாதி உண்மை சொல்றதுக்கு நான் என்ன நீங்களா?"

அவன் நடப்பதை நிறுத்தினான். "ஒரு பாட்டுக்காக இவ்வளவு தூரம் வந்தீங்களா? எனக்கு நம்பிக்கை வரல."

"எனக்கும் ஒண்ணு நம்பிக்கை வரல. அன்னிக்கு மழையில ஏன் மறைச்சீங்க? பயந்தேன்னு சொல்லாதீங்க. முழுசா சொல்லுங்க."

அவன் தெருவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இந்த முறை பார்வை விலகவில்லை.

"சொல்லியிருந்தா அப்பவே போயிருப்பீங்க. திட்டிக்கிட்டாவது நில்லுங்கன்னு தோணுச்சு. இப்படி ஒருத்தி பக்கத்துல நின்னு என்னைத் திருடன்னு சொல்றா... எனக்குக் கோபமே வரல. அது ஏன்னு வீட்டுக்குப் போய் யோசிச்சேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுல நான் எதையும் மறைக்கல."

அவள் அவன் முகத்தில் தேடினாள். கண்ணில், புருவத்தில், உதட்டோரத்தில்... எங்காவது ஒரு பொய் கிடைக்காதா என்று தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காததில் முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் பயம். அப்புறம், யாரோ தோளிலிருந்து பெரிய சுமையை இறக்கி வைத்த மாதிரி...

"எனக்கும்தான்," என்றாள்.

"என்ன எனக்கும்தான்?"

"பிடிச்சிருக்கு. நான் சரிபார்க்காம சொல்ற முதல் விஷயம் இதுதான். தப்பா இருந்தா நீங்கதான் பொறுப்பு."

"தப்பா இருக்காது."

"அப்படி எல்லாரும்தான் சொல்லுவாங்க," என்றாள் பழக்க தோஷத்தில். ஆனால் சொல்லிக்கொண்டே அவன் பக்கமாக ஒரு அடி நகர்ந்து நடந்தாள். அந்த ஒரு அடிக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருந்திருப்பேன் என்று அவன் பின்னால் அண்ணியிடம் சொன்னானாம். அதை அண்ணி உடனே நம்பினாள். சி.ஐ.டி. மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலுக்கும் சந்தேகம் வராமல் இருக்காது. வந்தால் வெளியிலேயே வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நம்பிக்கை உங்கள் வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கட்டும். சொல்ல வருகிறவர் பேச்சை முழுசாகக் கேட்கிற காது எல்லோருக்கும் வாய்க்கட்டும். வீட்டில் பாட்டுச் சத்தம் குறையாமல், சிரிப்புச் சத்தம் அதற்கு ஒரு படி மேலே கேட்க, நீங்களும் உங்கள் மனிதர்களும் நிறைந்து வாழுங்கள்.